அப்பாவின் மிகச் சிறந்த வாரம்

மூத்த டென்னிஸ் ஆட்டக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்காக அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மலரை ஆட்டக்காரர்களின் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால், ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

அப்பா பதினான்கு வருடம் டென்னிஸ் ஆடிப் பிழைத்தார். தொலைக்காட்சியில் காட்டும் டென்னிஸ் இல்லை. அதற்குக் கீழே இரண்டு தட்டுகள் இருக்கின்றன. கடைசித் தட்டில் ஏறி, நடுத்தட்டில் இறங்கிக்கொண்டார். அவருடைய மிகச் சிறந்த உலகத் தரவரிசை 241. ஒரு வேலையை உலகத்திலேயே நன்றாகச் செய்கிறவர்களில் 241ஆவது ஆள் என்றால் என் துறையில் தனி அறை கொடுப்பார்கள். அப்பா விடுதிக் குளியலறையில் சட்டையை அலசி, இரண்டு மட்டைகளின் மேல் விரித்து, மின்விசிறிக்கு எதிரே காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

வருடத்தில் முப்பது வாரம் வெளியூர். நாக்-அவுட் போட்டியில் ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் தோற்றுத்தான் வீடு திரும்புவார்கள். அதனால் எங்கள் வீட்டில் தோல்வி ஒரு செய்தியே இல்லை. எந்தக் கிழமை என்பதுதான் செய்தி. சனி, ஞாயிறில் தகுதிச் சுற்று நடக்கும். திங்கட்கிழமை பிரதானச் சுற்று தொடங்கும். போன் வந்தால் அம்மா எடுத்தவுடன் ஆட்டத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"சரி, கிளம்பி வாங்க. தண்ணி பிடிச்சு வைக்கிறேன், துணியெல்லாம் ஊறப் போடணும்."

வியாழக்கிழமை என்று பதில் வந்தால் அம்மாவின் குரல் ஒரு படி ஏறும். வெள்ளிக்கிழமை என்றால் என்னையும் கூப்பிட்டு போனைக் கொடுப்பார். வெள்ளிக்கிழமைகள் அதிகம் வரவில்லை.

அம்மா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். வீடு அவர் வேலையில்தான் ஓடியது. மூன்றாம் வகுப்பில் டீச்சர், "உங்கப்பா என்ன வேலை பாக்கறார்?" என்று கேட்டபோது, "ஊர் ஊரா போய்த் தோத்துட்டு வருவார் மிஸ்" என்றேன். அம்மாவைப் பள்ளிக்கு வரச்சொன்னார்கள். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "பொய் ஏதும் சொல்லலியே" என்றாராம்.

இன்னொரு விஷயமும் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் ஜெயித்துச் சேர்த்த புள்ளிகளுக்கு ஆயுள் ஐம்பத்திரண்டு வாரம். போன வருடம் ஒரு போட்டியில் எடுத்த புள்ளிகள் இந்த வருடம் அதே வாரம் உதிர்ந்துவிடும். மறுபடி அதே அளவு ஜெயித்தால்தான் நின்ற இடத்திலாவது நிற்கலாம். வேறு எந்த வேலையிலும் போன வருடம் செய்ததை யாரும் திரும்ப வந்து பிடுங்கிக்கொண்டு போவதில்லை.

அப்பாவுக்கு ஓர் ஆசைதான் இருந்தது. வருடத்துக்கு நான்கு பெரிய போட்டிகள் நடக்கின்றன அல்லவா, அதில் ஏதாவது ஒன்றில் ஒரே ஒரு தடவை ஆடிவிட வேண்டும். பிரதானச் சுற்றுகூட வேண்டாம், தகுதிச் சுற்று போதும். அதற்குத் தரவரிசை ஏறக்குறைய 250க்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் அவர் 270க்கும் 400க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது வருடம் அம்மா, "இதான் கடைசி வருஷம், சரியா?" என்றார். அப்பா, "சரி" என்றார். அவர் குரலில் எந்த மறுப்பும் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தச் "சரி" எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவருடைய இரட்டையர் கூட்டாளி ஓர் இடக்கைக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆறு வருடம் இருவரும் ஒரே அறையில் தங்கினார்கள். செலவு பாதியாகும் என்பது ஒரு காரணம். தனியாக இருந்தால் தோற்ற அன்று பேச ஆள் இருக்காது என்பது இன்னொன்று. ஒருவர் சலவைக்குப் போனால் மற்றவரின் துணியையும் எடுத்துப் போவார். முதலில் எழுந்தவர் மற்றவரின் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுக்க வேண்டும். இது அவர்களுக்குள் இருந்த எழுதாத சட்டம். ஒற்றையர் ஆட்டத்தில் எதிரெதிரே வந்தால் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு ஆடிவிட்டு, ஒரே பேருந்தில் அறைக்குத் திரும்புவார்கள்.

அந்தக் கடைசி வருடத்தின் வசந்தத்தில், ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கி ஒரு நடுத்தட்டுப் போட்டியில் ஆடினார்கள். இருவருமே தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் வரிசை 271. மாமாவின் வரிசை 258. ஆனால் மாமா போன வருடம் அதே போட்டியில் அரையிறுதி வரை போயிருந்தார். அந்தப் புள்ளிகள் அந்த வாரத்தோடு உதிரும். பிரதானச் சுற்றில் ஆடக் கிடைக்காவிட்டால் அவர் முந்நூறைத் தாண்டிக் கீழே போய்விடுவார்.

தோற்றவர்களுக்கு ஒரு பின்வாசல் உண்டு. பிரதானச் சுற்றில் யாராவது கடைசி நேரத்தில் விலகினால், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களில் தரவரிசையில் மேலே இருப்பவரைக் கூப்பிடுவார்கள். லக்கி லூசர் என்று பெயர். அதற்கு மறுநாள் காலை ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் முன்பாகவே மைதான அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நேரில் வராதவர் கணக்கில் இல்லை. எத்தனையாவது வரிசையில் இருந்தாலும் சரி.

திங்கட்கிழமை காலை அப்பா கையெழுத்துப் போட்டார். மாமா போடவில்லை. தூங்கிவிட்டார். ஒருவர் விலகினார். அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

அப்பா முதல் சுற்றில் ஜெயித்தார். இரண்டாவது சுற்றிலும் ஜெயித்தார். வெள்ளிக்கிழமை கால் இறுதியில் தோற்றார். அம்மா என்னைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார். அடுத்த பட்டியலில் அப்பா 241. பெரிய போட்டியின் தகுதிச் சுற்றுக்குப் பெயர் போயிற்று.

நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். பதினான்காம் எண் கோர்ட். பக்கத்தில் ஒரு குப்பைத்தொட்டியும் ஓர் ஐஸ்கிரீம் வண்டியும். பார்க்க இருபது பேர் இருந்திருப்பார்கள். முதல் சுற்றிலேயே 4–6, 6–7 என்று தோற்றார். ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம். ஆட்டம் முடிந்ததும் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்க வைத்து அம்மா ஒரு படம் எடுத்தார். அந்தப் படத்தில் அவர் சிரிக்கவில்லை. தோற்றதால் என்று நினைத்தோம்.

அடுத்த இரண்டு வருடமும் ஆடினார். அம்மா தடுக்கவில்லை. புள்ளிகள் உதிர்ந்தன. முப்பத்துமூன்று வயதில் நிறுத்திவிட்டு மட்டைகளுக்கு நரம்பு கட்டும் சிறிய கடை போட்டார்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஒரு தராசோ அழுத்தமானியோ தவறாகக் காட்டினால், எவ்வளவு தவறு, எந்தப் பக்கமாகத் தவறு என்று எழுதித் தருவேன். ஒரு தடவை அப்பாவின் நரம்பு இழுக்கும் இயந்திரத்தைச் சரிபார்த்தேன். முக்கால் கிலோ குறைவாக இழுத்தது. சொன்னேன்.

"தெரியும். முக்கால் கிலோ கூட வெச்சுத்தான் இழுக்கறேன்" என்றார்.

"சரி பண்ணிடலாமே?"

"எதுக்கு? எனக்குப் பழகிப்போச்சு."

மாமா அந்த வசந்தத்துக்குப் பிறகு 330க்குப் போனார். அங்கிருந்து 400க்கு மேல். வருட முடிவில் ஆடுவதை நிறுத்தினார். அதற்குள் அவருக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. தூக்கம். "தூக்கம் வந்திருக்கான்", "தூக்கத்தைக் கூப்பிடு" என்று எல்லோரும் அப்படித்தான் சொன்னீர்கள். நானும் தூக்கம் மாமா என்றுதான் கூப்பிட்டேன். அவரும் திரும்பிப் பார்ப்பார். அப்பா மட்டும் கடைசி வரை பார்ட்னர் என்றார்.

அப்பாவுக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய். இரண்டு வருடம் இழுத்தது. கடைசி முறை மருத்துவமனையில் சேர்த்து மூன்றாவது நாள். மதியம். ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பேசினார். நான் திரும்ப வைத்தேன். மறுபடி நகர்த்தினார்.

"அம்மா எங்க?"

"கேன்டீன் போயிருக்காங்க. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். உக்காரு. அந்த வாரம் அவன் தூங்கிப்போகல."

"எந்த வாரம்?"

"எனக்கு இருக்கிறதே ஒரு வாரம்தானே?"

விட்டு விட்டுச் சொன்னார். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

ஞாயிறு மாலை, கட்டக் கொடுத்த மட்டையை வாங்க நரம்பு கட்டுபவரின் அறைக்குப் போயிருக்கிறார். போட்டி நடக்கும் இடத்தில் ஒருவர் விலகப்போவது டாக்டருக்கு முன்பே நரம்பு கட்டுபவருக்குத் தெரிந்துவிடும். கட்ட வேண்டாம் என்று மட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள் அல்லவா. அவர் அப்பாவிடம், "ஏழாவது சீட் ஆறு மட்டையையும் தூக்கிட்டுப் போயிட்டான். மணிக்கட்டு வீங்கியிருக்கு. காலையில சொல்லுவானாம். உங்க ரெண்டு பேர்ல யாருக்கோ யோகம்" என்றிருக்கிறார். சீட் என்றால் பிரதானச் சுற்றில் தரவரிசைப்படி முன்னால் வைக்கப்பட்ட ஆட்டக்காரர். யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. 258தான் 271க்கு முன்னால்.

அறைக்கு வந்தால் மாமாவுக்குச் சளி, உடம்பு வலி. மாத்திரை போட்டுக்கொண்டு, "எட்டு மணிக்கு எழுப்பி விடுடா. யாரும் விலகப் போறதில்ல, இருந்தாலும் போய்க் கையெழுத்து போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் படுத்துவிட்டார். அப்பா கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை. அறையில் இருந்த ஒரே அலாரக் கடிகாரம் அப்பாவுடையது. அதை அணைத்தார். காலையில் வெளிச்சம் வராதபடி திரையை முழுக்க இழுத்துவிட்டார். ஏழேகால் மணிக்கு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, லிஃப்ட் அருகே உட்கார்ந்து போட்டுக்கொண்டார்.

கடிகாரம், திரை, ஷூ. ஒன்று மட்டும் என்றால் தற்செயல் என்று எழுதலாம். மூன்றுக்கு அப்படி எழுத முடியாது.

ஒன்பதே முக்காலுக்கு மாமா ஷூ நாடாகூடக் கட்டாமல் ஓடி வந்திருக்கிறார். பதிவேட்டை மூடிப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. அப்பா, "மூணு தடவ எழுப்பினேன்டா. நீ அசையவே இல்ல" என்றாராம்.

"ஆபீஸ் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்மா" என்றார் அப்பா. "ஒரு நிமிஷம், வந்துடணும்னு. ஒரு நிமிஷம், வரக்கூடாதுன்னு."

"ஏன்ப்பா நீங்களே அவர்கிட்ட சொல்லல?"

"மொதல்ல பயம். அப்புறம் அவனே அத வெச்சு ஜோக் அடிக்க ஆரம்பிச்சுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சப்புறம் எப்படிச் சொல்றது?"

"இப்ப வரச் சொல்லட்டுமா? இந்த ஊர்லதானே இருக்கார்."

தலையை அசைத்தார். "நான் போனப்புறம் நீ சொல்லு."

"நல்லாருக்கே. தப்பு நீங்க பண்ணுவீங்க, திட்டு நான் வாங்கணுமா?"

சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது. செவிலியர் வந்து குழாயை மாட்டி, இனிமேல் பேசக்கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒன்பது நாள் கழித்து அப்பா இறந்தார். அதற்கு நடுவில் அவர் பேசியதெல்லாம் தண்ணீர், தலையணை, மணி என்ன. நாங்கள் கடைசியாகப் பேசிய பேச்சில் நான் அவரைக் கடிந்துகொண்டிருக்கிறேன். அதைத் திருத்த வழியில்லை.

மறுவாரம் சங்கத்தின் மாடி அறையில் இரங்கல் கூட்டம். உங்களில் பலர் இருந்தீர்கள். மாமா எழுந்து பேசினார்.

"என்னைத் தெரியும் உங்களுக்கு. ஆட்டத்துல தோத்தவன் ஆயிரம் பேர் இருப்பான். தூங்கித் தோத்தவன் நான் ஒருத்தன்தான்."

சிரித்தீர்கள். நல்ல நேரத்தில் வந்த சிரிப்பு. எனக்கும் அதற்கு முன்பென்றால் சிரிப்பு வந்திருக்கும்.

"இவன் மூணு தடவ எழுப்பியிருக்கான். நாலாவது தடவ எழுப்பலையேன்னு சாகற வரைக்கும் இவனுக்கு வருத்தம். அந்தக் கதைய யாராவது எடுத்தா போதும், எந்திரிச்சு வெளிய போயிடுவான். அப்படி ஒரு மனசு. நான் சும்மா இருந்தேனா? என் பையன் பொறந்தப்ப வீட்டுக்காரிக்கு ராத்திரி டியூட்டி. கொழந்தை அழுது நான் எந்திரிக்கலேன்னா? ஒன்றரை வருஷம் மர நாற்காலியில நிமிந்து உக்காந்து, புள்ளைய மடியில போட்டுக்கிட்டு முழிச்சிருந்தேன். முதுகு போச்சு. விமான நிலையத்துல வேலை குடுத்தாங்க, காலை ஷிப்டு. வேணாம்னுட்டேன். இப்ப பாக்கற வேலை ஏன் பாக்கறேன் தெரியுமா? பத்து மணிக்குத்தான் கேட்டைத் தொறக்கணும்!"

மறுபடி சிரித்தீர்கள். அவர் மனைவி சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் தவறான கருவியை வைத்து இருபத்தாறு வருடம் தன்னை அளந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழுந்து போய் பெயர்ப்பலகைக்குக் கீழே எடுத்த அந்தப் படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"சொல்லப் போறியா?"

"சொல்லச் சொன்னாரும்மா."

"அவர் சொல்லுவார். அவருக்கென்ன, போயிட்டார். பதினாலு வருஷம் அந்த மனுஷன் தோத்துத் தோத்து வந்து நின்னதை நீ பாதிதான் பாத்த. நான் முழுசாப் பாத்தேன். அவருக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வாரம்டீ. அதையும் புடுங்கிடாத."

"அது மாமாவோட வாரம்மா."

"தெரியுது" என்றார் அம்மா. "தெரியாமலா சொல்றேன்?"

அதற்கு மேல் தடுக்கவில்லை. எனக்குத் தைரியம் வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் மாமா வாரம் தவறாமல் போன் செய்து, "சாப்ட்டியா, அம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் சொல்லாமல் வைத்தேன். அப்பாவுக்கு எப்படி இருபத்தாறு வருடம் ஓடியது என்று அப்போது புரிந்தது. ஒவ்வொரு நாளாகத்தான் ஓடியிருக்கும்.

மாமா நான்கு பொது கோர்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிறார். நான் போனபோது முழங்காலிட்டு, தரை விரிசலில் பசை அடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் மூன்று மட்டைகளைக் கொண்டுபோயிருந்தேன்.

"வா வா. ஓரமா வாம்மா, இந்தப் பக்கம் இன்னும் காயல. என்ன, லீவு போட்டுட்டியா? அதிசயமா இருக்கே."

நின்றபடியே சொன்னேன். அப்பா சொன்ன வரிசையில், கூட்டாமல் குறைக்காமல். நரம்பு கட்டுபவர் சொன்னது, கடிகாரம், திரை. கரண்டியால் பசையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பாதியில் கை நின்றது.

"எத்தனை மணிக்குக் கிளம்பினானாம்?"

"ஏழேகால்."

"கதவு? அந்தக் கதவு கீச்சுன்னு கத்தும்."

"கதவைப் பத்திச் சொல்லல. ஷூவைக் கையில எடுத்துட்டுப் போயிருக்கார். லிஃப்ட்கிட்டப் போய்ப் போட்டுக்கிட்டாராம்."

கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ சத்தம் கேட்டா நான் எந்திரிச்சுடுவேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா மாமா."

"மாத்திரை போட்டிருந்தும்."

"ஆமா."

"எழுப்பவே இல்ல. மூணு தடவையும் இல்ல, ஒரு தடவையும் இல்ல."

"இல்ல மாமா."

எழுந்தார். கோர்ட்டின் மறுகோடி வரை நடந்து போனார். அங்கே வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்ன சொல்லித் திட்டினார் என்பது எனக்குக் கேட்டது. இங்கே எழுதக்கூடியதாக இல்லை. அவர்கள் ஒற்றையரில் மோதும்போது திட்டிக்கொள்வார்கள் என்றேனே, அந்தச் சொற்கள்தான். பதில் சொல்ல எதிர்ப்பக்கம் ஆள் இல்லை.

திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"ஒன்றரை வருஷம். அவ டியூட்டி முடிஞ்சு வந்து புள்ளைய வாங்குவா. என் கை மரத்துப் போயிருக்கும். பிரிக்க முடியாது. அதுக்கும் சிரிச்சானே அவன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இல்ல. அவன் சிரிக்கல. ஒரு நாளும் சிரிக்கல. எந்திரிச்சுப் போயிடுவான்."

மட்டைகளை நீட்டினேன். தொடவில்லை.

"அதை எடுத்துட்டுப் போ. நீயும் கொஞ்ச நாளைக்கு வராத. உன் மேல ஒண்ணும் இல்ல. உன் மூக்கு அவன் மூக்கு. பாக்க முடியல."

"சரி மாமா."

"மலருக்கு எழுதறேன்னு சொன்னியே. முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"எழுது. இத எழுது. எல்லாரும் அந்தப் பேரை வெச்சுத்தானே கூப்பிடறானுங்க. படிக்கட்டும்."

நான் திரும்பி நடந்தேன். கேட் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். வந்து பக்கத்தில் நிற்கவில்லை. பத்தடி தள்ளியே நின்று, கோர்ட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஆனா ஒண்ணு. அந்த வாரத்து மொத மேட்சை யாரும் அவனுக்குத் தூக்கிக் குடுக்கல. அதையும் எழுதணும். நான் உக்காந்து பாத்தேன். எதிர்ல தொண்ணூறாவது ரேங்க்ல இருக்கறவன். முதல் செட்டு மூணு-ஆறுன்னு போச்சு. ரெண்டாவது செட்டுல உங்கப்பன் பேக்ஹேண்டைக் கோட்டு மேலயே வெக்கறான். ஒண்ணு, ரெண்டு இல்ல, வரிசையா. ஆறு வருஷம் பக்கத்துல நின்னு ஆடியிருக்கேன், அப்படி ஒரு பேக்ஹேண்டு அவன்கிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது. கடைசி பாயிண்டுக்கு நான் எந்திரிச்சு நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டத்துல கத்தினது நான் ஒருத்தன்தான். அவன் நிமிந்து பாக்கவே இல்ல. பையத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு உள்ள போயிட்டான். எனக்காக வருத்தப்படறான்னு நெனச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் நான்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். 'விடுடா, தூங்கினது நான்தானே'ன்னு."

அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. இதை எழுதி முடித்ததும், சங்கத்துக்கு அனுப்பும் முன் தபாலில் அவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பிடிக்காத இடங்களை அடித்துவிடும்படி ஒரு வரி எழுதி வைத்தேன். பன்னிரண்டாவது நாள் திரும்பி வந்தது. கடிதம் எதுவும் இல்லை. எதையும் அடிக்கவில்லை. ஒரே இடத்தில் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருந்தார்:

"நான் தப்பாச் சொல்லிட்டேன். முதல் செட் 3–6 இல்ல. 2–6. அவ்வளவு பின்னாடியிருந்து வந்தான்."